மிதக்கும் சந்தைக்குத் துப்பறியப் போன கதை

எண்பதுகளின் நடுவில், சவுதி அரேபியாவில் அல் கோபாருக்கு வெளியே ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்ப்பில் நான் டைம்கீப்பராக இருந்தபோது நடந்தது இது. டைம்கீப்பர் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். யார் டூட்டிக்கு வந்தார், யார் மட்டம் போட்டார், யாருக்கு ஓவர்டைம் உண்டு என்று எழுதிவைக்கிற வேலை. கேம்ப்பில் பாதிப் பேருக்கு என்மேல் கோபம், மீதிப் பேருக்குச் சந்தேகம். அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கு நல்ல நண்பர் ஒருவர் கிடைத்தார் என்றால், அதற்குக் காரணம் பணியாரம்தான்.

அவர் தாய்லாந்துக்காரர், வெல்டர். எங்கள் கேம்ப்பில் அப்போது தாய்லாந்துக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தங்கள் கேபினுக்குப் பின்னால் காலி பெயின்ட் டப்பாக்களில் மிளகாய்ச் செடி வளர்ப்பார்கள். அந்த உப்புக் காற்றிலும் அது கொத்துக் கொத்தாகக் காய்க்கும். எங்கள் ஆட்கள் வைத்த கறிவேப்பிலை மட்டும் ஒரே வாரத்தில் கருகிப்போகும். ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமாகப் போனேன். தேங்காய்ப் பால் கொதிக்கிற வாசனை மூக்கைத் துளைத்தது. எட்டிப் பார்த்தால், இவர் கேஸ் அடுப்பில் பணியாரச் சட்டியை வைத்து மாவு ஊற்றிக்கொண்டிருக்கிறார்! நான் காரைக்குடிப் பக்கத்து ஆள். பணியாரச் சட்டியைக் கண்டுவிட்டு அப்படியே நடந்துபோக எனக்குக் கால் வராது.

அருகில் போய்ப் பார்த்தேன். சைட்டில் வீணாய்க் கிடந்த பைப் மூடிகளை வரிசையாக வைத்துப் பற்றவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, அவரே செய்துகொண்ட சட்டி அது. அவர்கள் ஊரிலும் அரிசி மாவில் தேங்காய்ப் பால் சேர்த்து இதே மாதிரி குழியில் ஊற்றிச் சுடுவார்களாம். அவர் மனைவி அதைத்தான் விற்கிறாராம், அதுவும் கடையில் இல்லை, படகில். ஊரில் ஒரு கால்வாய் இருக்கிறது, அதில் காலையில் சந்தை கூடும், கறிகாய், பழம், சோறு எல்லாம் படகிலேயே விற்பார்கள் என்று கையால் துடுப்புப் போட்டுக் காட்டினார். எங்களுக்குள் பேச்சு எப்போதும் கேம்ப் பாஷைதான். அரபி கொஞ்சம், ஹிந்தி கொஞ்சம், இங்கிலீஷ் கொஞ்சம், பாக்கிக்குக் கை. அதிலேயே குடும்பக் கதை வரைக்கும் பேசிவிடலாம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் எனக்கு அவர் கேபினில் ஒரு தட்டு நிச்சயம்.

அந்தக் காலத்தில் வளைகுடாவில் இருந்தவர்களுக்குக் கேசட் என்றால் என்னவென்று தெரியும். கடிதம் எழுதச் சோம்பல்படுகிறவர்களும், எழுதத் தெரியாதவர்களும், எழுதி மாளாத அளவுக்குப் பேச விஷயம் உள்ளவர்களும் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் பெட்டியில் பேசிப் பதிவு செய்து, லீவில் ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். ஊரிலிருந்தும் அதே மாதிரி பதில் வரும். வெல்டர் நண்பர் பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர். கடிதம் வந்தால் இன்னொருவர்தான் படித்துச் சொல்ல வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் பேசுகிறதை மூன்றாவது ஆள் படிப்பதா என்று அவர்கள் வீட்டில் எல்லாமே கேசட்டில்தான். முதல் முறை ஊருக்குப் போனபோது ஒரு நல்ல டூ-இன்-ஒன் வாங்கி, விமானத்தில் மேலே வைக்க மனமில்லாமல், மடியிலேயே வைத்துக்கொண்டு போய்ச் சேர்த்தவர் அவர். அவர் பேசிப் பதிவு செய்கிற அன்றைக்குக் கேபினில் இருக்கிற எல்லோரையும் வெளியே துரத்திவிடுவார். நாங்கள் மணலில் உட்கார்ந்துகொண்டு, உள்ளேயிருந்து வருகிற முணுமுணுப்பைக் கேட்டுச் சிரிப்போம். வெளியே வரும்போது காது சிவந்திருக்கும்.

அந்தக் கேசட்தான் திடீரென்று நின்றுபோனது. இவர் அனுப்பிக்கொண்டே இருந்தார், அங்கிருந்து எதுவும் வரவில்லை. மாதங்கள் போயின. மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைப் பணியாரமும் நின்றது. சைட்டில் பற்றவைப்பு சரியில்லை என்று போர்மேன் சத்தம் போட்டார். இதற்கு முன்னால் அவர் வேலையைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார். வீட்டில் வேறு ஆள் வந்துவிட்டான், அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியும் என்றேன். "மாஃபி கலாம்" என்றார். பேச்சு இல்லை, அதுதான் சாட்சி.

இதை என் ரூமில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பரிடம் வந்து சொன்னேன். அவர் ஸ்டோரில் வேலை பார்த்தார். தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஐசே, மனுசி கொஞ்ச நாள் கதைக்காட்டி உடன ஓடிப்போட்டாள் எண்டே நினைக்கிறது? எனக்கெண்டா வீட்டில இருந்து சத்தமில்லாட்டி, ஆக்கள் உயிரோட இருக்கினமோ எண்டுதான் முதல்ல நெஞ்சு பதறும்."

"அவர் அப்படி நினைக்கலையேண்ணே. ஆள் வந்துட்டான்னுல்ல அடிச்சுச் சொல்றாரு."

"ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு பயம், காணும். உமக்கு என்ன பயம்?"

யோசித்துப் பார்த்தேன். ஊரிலிருந்து கடிதம் தாமதமானால் எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான்: அப்பா யார் பேச்சையாவது கேட்டு நிலத்தை விற்றுவிட்டார். அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதமும் எனக்குக் கடிதம் வந்திருக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு யோகம் அடித்தது. புது வெல்டர்களைத் தேர்ந்தெடுக்கக் கம்பெனி பாங்காக்குக்கு ஆள் அனுப்பியது. ஆட்களை வேலை வாங்கிப் பார்ப்பது எகிப்து நாட்டு இன்ஜினியர், பேரையும் விவரத்தையும் எழுதிக்கொள்வது நான். ஓசியில் விமானம், ஓசியில் ஹோட்டல். காரைக்குடியும் கோபாரும் தவிர வேறு உலகம் பார்க்காதவனுக்குக் கசக்குமா? நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வெல்டர் நண்பர் வந்து வாசலில் நின்றார்.

எனக்கு அங்கே ஒரு நாள் ஓய்வு கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். சந்தைக்குப் போய் அவர் மனைவியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். பார்க்க மட்டும்தான். யார், எங்கேயிருந்து வருகிறேன் என்று மூச்சுவிடக் கூடாது. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன் மாதிரி பலகாரம் வாங்கிச் சாப்பிட வேண்டும், படகில் ஆம்பளை யாராவது இருக்கிறானா என்று பார்க்க வேண்டும், வந்து சொல்ல வேண்டும். தன் ஊர்க்காரர்களை அனுப்பினால் விஷயம் கேம்ப் முழுக்கப் பரவிவிடும், நீ வெளி ஆள், உனக்கு வாய் கிடையாது என்றார். எனக்கு வாய் கிடையாது என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

"இருந்தால்?" என்று கேட்டேன்.

அவருக்கு இன்னும் ஒரு மாதத்தில் லீவு வருகிறது. ஆள் இருந்தால் லீவு வேண்டாம், ஊரும் வேண்டாம், இனி போகவே மாட்டேன், இங்கேயே கிடந்து சாவேன் என்றார். நான் திரும்பி வருகிறவரை லீவுப் பேப்பரை மேலே அனுப்பாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். சொல்லிவிட்டு மனைவியின் போட்டோவைக் காட்டினார். வட்ட முகம், பெரிய ஓலைத்தொப்பி, சிரிப்பில் கண் இரண்டும் காணாமல் போயிருந்தது. படகின் மூக்கில் நீலப் பெயின்ட் அடித்திருக்கும், மரப்பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் என்று அடையாளம் சொன்னார். ஒரு குடும்பம் இருப்பதும் இல்லாமல் போவதும் நான் வந்து சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் இருக்கிறது என்று நினைத்தபோது முடியாது என்று சொல்லிவிடத்தான் தோன்றியது. ஆனாலும் தலையாட்டிவிட்டேன்.

பாங்காக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. இன்ஜினியர் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஹோட்டலில் மிதக்கும் சந்தைக்கு டூர் இருக்கிறதா என்று விசாரித்தேன். ஏசி வண்டி, கைடு, மத்தியானச் சாப்பாடு என்று அடுக்கிவிட்டு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் துப்பறிகிற ஆசையே போய்விட்டது. நல்லவேளை, நண்பர் சாதா பஸ் போகிற வழி சொல்லியிருந்தார். விடிவதற்கு முன்னால் பஸ் நிலையத்துக்குப் போய், ஊர்ப் பெயரை ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் காட்டி, கூடையும் கோழியுமாக ஏறிய ஜனங்களுக்கு நடுவில் இடம் பிடித்தேன். டிக்கெட் நம் ஊர் டவுன் பஸ் மாதிரிதான். வழியெல்லாம் தென்னந்தோப்பு, வாழை, வரப்பு வரப்பாய்த் தண்ணீர். மணலையே பார்த்துப் பார்த்துக் காய்ந்துபோன கண்ணுக்கு அந்தப் பச்சை, காய்ச்சல் விட்ட நாளில் குடிக்கிற முதல் ரசம் மாதிரி இருந்தது. அங்கிருந்து கால்வாயில் ஒரு விசைப்படகு. அதையும் கூட்டத்தோடு கூட்டமாக ஏறியதால் சல்லிசாகவே முடிந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் வாழ்க்கையிலேயே இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய நாளை நான் கழித்ததில்லை.

சந்தை என்றால் சந்தைதான். கால்வாயில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு படகு. ஒரு படகில் மலை மாதிரி பம்பளிமாஸ், இன்னொன்றில் கீரைக்கட்டு, மற்றொன்றில் ஓலைக்கூடை நிறையப் பனைவெல்லம் போல ஏதோ. ஒரு கிழவி படகிலேயே கரியடுப்பு வைத்து, தண்ணீர் தளும்பாமல் நூடுல்ஸ் வேகவைத்துக் கொடுத்தார். படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மாம்பழத்தோடு தேங்காய்ப் பால் சோறு சாப்பிட்டேன். பெண்கள் ஒருவர் படகை ஒருவர் தள்ளிவிட்டு, திட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு வியாபாரம் பார்த்தார்கள். நம் ஊர்ச் சந்தையைத் தூக்கி ஆற்றில் போட்ட மாதிரி இருந்தது. வந்த வேலை ஒரு மணி நேரத்துக்கு எனக்கு மறந்தே போய்விட்டது என்பதுதான் உண்மை.

மரப்பாலத்தில் ஏறியதும் நினைவு வந்தது. கீழே பார்த்தேன். நீல மூக்குப் படகு நின்றுகொண்டிருந்தது. அதே ஓலைத்தொப்பி, அதே வட்ட முகம். குழிக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவர் படகை ஒட்டி இன்னொரு படகு கட்டியிருந்தது. அதில் ஒரு ஆள்.

நல்ல வாட்டசாட்டமான ஆள். தேங்காயை உடைத்து உடைத்து அந்தப் பெண்ணின் படகில் வைத்தார். வைத்துவிட்டு, கல்லில் இருந்த பலகாரம் ஒன்றைக் கேட்காமலே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண் கரண்டியால் அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

 பாலத்துத் தூணுக்குப் பின்னால் திருடன் மாதிரி ஒண்டிக்கொண்டேன். கேம்ப்பில் ஒரு மனிதர் சோறு இறங்காமல் கிடக்கிறார், இங்கே இந்தச் சிரிப்பா என்று கோபம் வந்தது. அடுத்த நிமிஷமே, இதைப் போய் நான் எப்படிச் சொல்வேன் என்று பயம் வந்தது. சந்தைக்குப் போகவே நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா? படகைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னால்? உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னால்? எந்தப் பொய்யைச் சொன்னாலும் அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். சத்தம் காட்டாமல் நழுவிவிடலாம் என்று திரும்பினேன்.

"சவுதி! சவுதி!" என்று கீழேயிருந்து ஒரு கூச்சல்.

திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண் படகில் எழுந்து நின்றுகொண்டு கரண்டியால் என்னைக் காட்டுகிறார். படகு ஆடுகிறது. பக்கத்துப் படகுக்காரப் பெண்கள் எல்லோரும் தொப்பியை நிமிர்த்தி என்னை அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. அந்தப் பெண் குனிந்து ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, எதையோ எடுத்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். போட்டோ.

அப்போதுதான் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. வளைகுடாவில் நாங்கள் எல்லோரும் செய்கிற காரியம் இது. வெள்ளிக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு கோபார் கடற்கரைக்குப் போவோம். யாரோ ஒரு அரபி நிறுத்திவிட்டுப் போன கார்மேல் நமது கார் மாதிரி சாய்ந்துகொண்டு போட்டோ எடுப்போம். அதை ஊருக்கு அனுப்பிவைப்போம். நண்பர் டூ-இன்-ஒன் வாங்கிய அன்று எடுத்த போட்டோ அது. காரின் முன்பக்கத்தில் டூ-இன்-ஒன், இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, அருவா மாதிரி மீசையை வைத்துக்கொண்டு நான். ஊருக்கு அனுப்பியதை அவரும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். துப்பறியும்போது மறைக்க வேண்டிய முகத்தைப் பல மாதங்களுக்கு முன்பே தபாலில் அனுப்பிவைத்த ஒற்றர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் இருப்போம்.

வேறு வழி? படிக்கட்டில் இறங்கிப் போனேன். அந்த வாட்டசாட்டமான ஆள் கையை நீட்டி என்னைத் தாங்கிப் பிடித்து, "கேஃப் ஹாலக், சதீக்?" என்றார். நலமா நண்பரே என்று அரபியில்! கால்வாய்க்கு நடுவில், தேங்காய்ப் படகில் நின்றுகொண்டு! ரியாத்தில் வருஷக்கணக்கில் கான்கிரீட் போட்டுவிட்டுத் திரும்பியவராம். அதற்குள் தேங்காய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து இன்னொரு தொப்பி எழுந்தது. கையில் அரிவாளோடு ஒரு பெரிய அம்மா. அந்தத் தேங்காய்க்காரரின் மனைவி. இவ்வளவு நேரமும் குனிந்து மட்டை உரித்துக்கொண்டிருந்திருக்கிறார். பாலத்திலிருந்து பார்த்த எனக்கு அவர் தெரியவே இல்லை. எனக்கு வந்த நிம்மதியில் அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். எதற்குக் கும்பிடுகிறான் என்று அவருக்குப் புரியவில்லை, இருந்தாலும் அவரும் கும்பிட்டார்.

பிறகு தேங்காய்க்காரர் வழியாகத்தான் எல்லாப் பேச்சும். ஏன் கேசட் அனுப்பவில்லை என்று கேட்டேன். அவர் திரும்பிக் கேட்டதும் அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டார். தேங்காய்க்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எனக்குச் சொன்னார்:

"ரேடியோ... மோயா... டுப்!"

மோயா என்றால் தண்ணீர். கையால் ஒரு பெட்டி வரைந்து காட்டி, அது படகிலிருந்து சரிந்து விழுந்து முங்குகிற மாதிரி செய்து காட்டினார். இன்னொருவர் குதித்துத் தேடுகிற மாதிரியும் செய்து காட்டினார். சுற்றி இருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

கேட்டுக் கேட்டுக் கோர்த்ததில் விஷயம் இதுதான். விடியற்காலையில் வீட்டிலிருந்து சந்தைக்குத் துடுப்புப் போட்டு வரும்போது, யாரும் இல்லாத அந்தக் கால்வாயில்தான் அவர் புருஷனின் கேசட்டைக் கேட்பாராம். வீட்டில் இவருடைய அம்மா, தங்கை, அண்டை அயல். படகில்தான் புருஷன் குரலோடு தனியாக இருக்கலாம். டூ-இன்-ஒன்னைப் படகில் கொண்டுபோகவே கூடாது என்று நண்பர் ஆயிரம் தடவை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவர் ஆயிரம் தடவையும் சரி என்றிருக்கிறார். ஒரு நாள் சந்தைக்கு வந்து சேர்கிற இடத்தில், விசைப்படகு கிளப்பிய அலை அடித்துப் பெட்டி தண்ணீரில் போய்விட்டது. எடுத்து டவுனில் ரிப்பேருக்குக் கொடுத்தார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று கடைக்காரன் இழுத்தடிக்கிறான். சரியாகிவிட்டால் சொல்லவே வேண்டியதில்லையே என்று இவரும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இருந்துவிட்டார். மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த பொருள். சொன்னால் கோபப்படுவாரே என்று பயம்.

"அவர் அனுப்பிய கேசட்டெல்லாம்?" என்று கேட்டேன்.

பிஸ்கட் டின்னிலிருந்து, பிளாஸ்டிக் பையில் பத்திரமாகச் சுற்றிய கேசட்டுகளை எடுத்துக் காட்டினார். ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. தேங்காய்க்காரர் வீட்டில் டூ-இன்-ஒன் இருக்கிறதாம், வந்து கேள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே வீடு நிறைய ஆட்கள். தன் புருஷன் தன்னிடம் பேசுவதை ஊரோடு உட்கார்ந்து கேட்க இவருக்கு வெட்கம். அங்கே ஒருவர் கேபினைச் சாத்திக்கொண்டு ஏன் பேசவில்லை, ஏன் பேசவில்லை என்று கெஞ்சிக் கெஞ்சி அனுப்பியிருக்கிறார், இங்கே அத்தனையும் பிஸ்கட் டின்னில் வாய் மூடிக் கிடக்கிறது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்து அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

சட்டென்று நிறுத்திக்கொண்டேன். இப்போது நான் சொல்ல வேண்டும். யாரென்று சொல்லாதே என்ற சத்தியம் ஏற்கெனவே தண்ணீரில் போய்விட்டது. எனக்குத் தெரிந்த அரபியில் தேங்காய்க்காரரிடம் சொன்னேன்: நண்பருக்குச் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. மேடம் பேசவில்லை, அதனால் மேடம் இல்லை என்று நினைத்துவிட்டார். இனி ஊருக்கு வர மாட்டேன் என்கிறார்.

அவர் அதைத் தம் பாஷையில் சொல்லச் சொல்ல, பக்கத்துப் படகுகளில் பேச்சு அடங்கியது. அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கல்லில் பலகாரம் கருகிப் புகைந்தது, யாரும் திருப்பிப் போடவில்லை. ஒரு பெட்டிக்காகப் பயந்து வாய் மூடியிருந்ததில் புருஷனே இல்லாமல் போக இருந்தார் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தமில்லாமல் அழுதார். அரிவாள் அம்மா படகை இழுத்துப் பக்கத்தில் வந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல், கருகியதை எல்லாம் கரண்டியால் எடுத்து ஒரு இலையில் போட்டேன். பணியாரம் சுடுகிற வீட்டில் பிறந்ததற்கு அந்த நேரத்தில் என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். தேங்காய்க்காரர் வீட்டுக்குப் போய் ஒரு கேசட்டில் பேசிக் கொடுங்கள் என்றேன். அவர் வீடு வெகு தூரம், என் பஸ்ஸுக்கு நேரம் இல்லை. அந்தப் பெண் யோசித்துவிட்டு, என் மார்பில் விரலை வைத்து, தன் வாயைக் காட்டி, ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார். நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். கேசட்டுக்குப் பதில் நான்!

சொன்னேன். கால்வாயே சிரித்தது. அந்தப் பாஷையில் ராகம் கொஞ்சம் மாறினால் அர்த்தம் எங்கோ போய்விடுமாம். கீரைக்காரப் பெண் ஒரு இடத்தைத் திருத்தினார். நூடுல்ஸ் கிழவி துடுப்பால் படகைத் தட்டித் தாளம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். பம்பளிமாஸ் விற்றவர் வியாபாரத்தை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைக்காரக் கும்பல் இதையும் டூரில் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்துப் போட்டோ எடுத்தது. வாய்ப்பாடு ஒப்பித்த காலத்துக்குப் பிறகு நான் அவ்வளவு திட்டு வாங்கியதில்லை. கடைசியில் அந்தப் பெண் திருப்தியாகத் தலையாட்டினார். என்ன அர்த்தம் என்று தேங்காய்க்காரரிடம் கேட்டேன். அவர் அரபியில் தேடிப் பார்த்துவிட்டு, இவ்வளவுதான் முடியும் என்கிற மாதிரி கையை விரித்தார்.

"ரேடியோ மாஃபி. மேடம் ஃபி."

ரேடியோ இல்லை. மனைவி இருக்கிறாள்.

அதற்குமேலும் ஏதோ இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்.

வயிறு முட்டப் பலகாரம் கொடுத்தார். காசு எடுத்தேன், கரண்டியை ஓங்கினார். விசைப்படகிலும் பஸ்ஸிலும் அந்த வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் அடுத்த சில நாட்கள் எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. திரும்பும் விமானத்தில் பக்கத்தில் இருந்த இன்ஜினியர், நான் பயணத்துக்குப் பயந்து மந்திரம் ஜபிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தைரியமாக இரு என்று தோளில் தட்டினார்.

கேம்ப்பில் இறங்கியதும் பெட்டியைக்கூட ரூமில் வைக்கவில்லை. நேராக வெல்டர் நண்பர் கேபினுக்குப் போனேன். டூட்டி முடிந்து எல்லோரும் இருந்தார்கள். அவர் என் முகத்தையே பார்த்தார். எனக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. கால்வாயில் கற்றுக்கொண்டதை அப்படியே ஒப்பித்தேன்.

 கேபின் அதிர்ந்தது. கட்டிலில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு முறை சொல் என்று விரலால் காட்டினார். சொன்னேன். இன்னொரு முறை. சொன்னேன். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு எழுந்து, வழக்கம்போல எல்லோரையும் வெளியே துரத்தினார். என்னை மட்டும் உட்காரவைத்தார். தன் டூ-இன்-ஒன்னை எடுத்து, புதுக் கேசட் போட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, என் வாயருகே நீட்டினார்.

மறுநாளே என் மேசையில் நிறுத்திவைத்திருந்த அவர் லீவுப் பேப்பர் மேலே போனது. ஊருக்குப் போகிறவரை தினமும் அவர் அந்தக் கேசட்டைக் கேட்டார் என்று அவர் கேபின்காரர்கள் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்தார்கள். வெளியே மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்டது என் கட்டைக் குரல். அவருக்குக் கேட்டது யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து நண்பரிடம் முழுக்கதையையும் சொன்னபோது அவர் நெஞ்சில் கை வைத்து மூச்சுவிட்டார். "அப்ப ரேடியோதானே செத்தது? போகட்டும் விடும்," என்றார். அன்றிரவே நானும் அப்பாவுக்கு எழுதினேன், நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல். எனக்குக் கடிதம் வராததற்குக் காரணம் அப்பாவின் மூக்குக்கண்ணாடி உடைந்திருந்ததுதான் என்று பிறகு தெரிந்தது.

அந்த வாக்கியத்தின் முழு அர்த்தத்தைச் சொல்கிறேன் என்று எத்தனையோ பேர் முன்வந்தார்கள். நான் வேண்டாம் என்றுவிட்டேன், அது எனக்கு வந்த சேதி இல்லையே. இப்போது என் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஒரு வாரம் பேச்சு இல்லை என்றால் வீட்டில் என் மனைவி ஒரு கதை கட்டுவார், நான் ஒரு கதை கட்டுவேன், இரண்டுமே பயங்கரமாக இருக்கும். அப்போதெல்லாம், அந்தப் பக்கத்தில் ஏதோ ஒன்று தண்ணீரில் விழுந்திருக்கிறது, சொல்லப் பயந்துகொண்டு இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டு, நானே முதலில் போனை எடுக்கிறேன்.